முதல் ஆப்புக்கு ஒரு சிக்குக் கோலம்... டெஸ்டர் வீட்டு ஆச்சி!

'நேர்ப்புள்ளி 7, 7 வரிசை.' மார்கழி பிறந்துவிட்டால் கோலப் பக்கத்தில் படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி இருக்கும். கோலம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், மாவுக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். புரோகிராமிங் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் பேத்தியோ பேரனோ அதே வரியைப் படித்தால் இன்னொன்றும் புரியும். ஏழு வரிசை போடு, ஒவ்வொரு வரிசையிலும் ஏழு புள்ளி வை. கம்ப்யூட்டர் பாடத்தில் இதன் பெயர் 'லூப்'.

ஹெச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் என்று யூடியூப் பார்த்துப் படிப்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாத்தூர் பக்கம் இருக்கன்குடியை எடுத்துக்கொள்வோம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் மாரியம்மன் குடிகொண்ட ஊர். ஆடி கடைசி வெள்ளிக்கு ஜனம் நடந்தே வந்து குவியும். சுற்றுவட்டாரத்துக்குச் சோறு போடுவது பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம். இங்கே ஒரு பிளஸ் ஒன் மாணவி போனிலேயே கோடிங் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பாடம் கிடைக்கும். எழுதியதைப் பார்த்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்ல ஆள்தான் கிடைக்காது. பெரிய நகரத்தில் சீனியர் அண்ணன், பக்கத்து வீட்டு ஐ.டி. அக்கா என்று யாராவது இருப்பார்கள். இவருடைய வீட்டில் கோடிங் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கோலம் தெரிந்தவர் இருப்பார். ஆச்சியோ, அப்பத்தாவோ, அவ்வாவோ, யாராவது ஒருவர். அதனால்தான் பொழுதுபோக்காகச் செய்யும் முதல் வெப் ஆப், கோலம் போடும் ஆப்பாக இருந்தால் நல்லது. கோட் சரியா தப்பா என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடும் டெஸ்டர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்!

பட்டாசு ஆப் வேண்டாமா?

சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது வாணவேடிக்கைதான். திரையைத் தொட்டால் ராக்கெட் ஏறி, வெடித்து, கலர் கலராகச் சிதறும். உலகம் முழுக்க புதிதாகக் கற்பவர்கள் ஆசையாகச் செய்து பார்க்கும் புராஜெக்ட் அது. செய்யலாம், தப்பில்லை.

ஆனால், அதில் ஒரு சிக்கல் உண்டு. பொறி இடது பக்கம் சிதறினாலும் அழகு, வலது பக்கம் சிதறினாலும் அழகு. கணக்கில் பிழை இருந்தாலும் பார்ப்பவர்கள் 'சூப்பர்' என்றுதான் சொல்வார்கள். சிக்குக் கோலம் அப்படி விடாது. எந்தப் புள்ளியும் விடுபடக் கூடாது. கம்பி எங்கேயும் அறுந்து நிற்கக் கூடாது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். போன வழியிலேயே மறுபடி போகக் கூடாது. இந்த நான்கு விதிகளில் ஒன்று தவறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டிலிருக்கும் ஒருவருக்காக ஆப் செய்வது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். உலகமே விளையாடிய 'வேர்டில்' வார்த்தை விளையாட்டு அப்படிப் பிறந்ததுதான். நியூயார்க்கின் புரூக்ளினில் வசித்த சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஜோஷ் வார்டில், வார்த்தை விளையாட்டுகளை விரும்பும் தன் துணைவி பாலக் ஷாவுக்காக அதைச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து வார்த்தைகள் சுமார் 12,000 இருந்தன. அவற்றில் பல யாருக்கும் தெரியாதவை. பாலக் ஷா உட்கார்ந்து, தெரிந்தது, தெரியாதது என்று பிரித்து, பட்டியலைச் சுமார் 2,500 வார்த்தைகளுக்குக் கொண்டுவந்தார். விளையாட்டு 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்தது. 2022 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. அங்கேயும் முதல் டெஸ்டர் வீட்டு ஆள்தான்.

தமிழில் கோல ஆப் புதிதல்ல. 'நீச்சல்காரன்' என்ற பெயரில் தமிழ் இணையத்தில் அறியப்படும் இராஜாராமன், சந்திப்பிழை திருத்தும் 'நாவி', எழுத்துப்பிழை திருத்தும் 'வாணி' ஆகியவற்றைச் சொந்த ஆர்வத்தில் உருவாக்கியவர். 'கோலசுரபி' என்ற கோலக் கருவியும் அவர் செய்ததுதான். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் கோலம் போட்டிருக்கிறார்கள் என்று நம் வாசலை யாரும் வெறுமையாக விடுவதில்லை.

முதல் நாள்: புள்ளி மட்டும்

பிரவுசரில் படம் வரைய 'கேன்வாஸ்' என்ற வசதி உண்டு. அதை வாசல் என்று நினைத்துக்கொள்ளலாம். முதல் நாள் வேலை, புள்ளி வைப்பது மட்டும்தான். ஒரு லூப் வரிசைகளுக்கு. அதற்குள்ளே இன்னொரு லூப் புள்ளிகளுக்கு. புள்ளிக்குப் புள்ளி 40 பிக்சல் இடைவெளி விட்டால் ஏழு புள்ளி போன் திரையில் தாராளமாக அடங்கும்.

இங்கேயே ஓர் ஆச்சர்யம் காத்திருக்கும். கணக்கு நோட்டில் கிராஃப் போடும்போது ஒய் அச்சு மேலே ஏற ஏற எண் கூடும். திரையில் பூஜ்யம் இடது மேல் மூலையில் இருக்கிறது. கீழே இறங்க இறங்கத்தான் எண் கூடும். இது தெரியாமல் தலைகீழாக வரைந்து குழம்பாதவர்கள் குறைவு.

அடுத்தது ஊடுபுள்ளி. 'ஊடுபுள்ளி 13-7' என்றால் நடு வரிசையில் 13 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 12, 11 என்று குறைந்துகொண்டே போய் 7-ல் நிற்கும். ஒவ்வொரு வரிசையும் அரை இடைவெளி தள்ளித் தொடங்கும். கோட் எழுதுபவருக்கு ஒரே விதி போதும். நடு வரிசையிலிருந்து எத்தனை வரிசை தள்ளி இருக்கிறோமோ, அந்த எண்ணை 13-லிருந்து கழித்தால் அந்த வரிசையின் புள்ளிகள் கிடைக்கும். மொத்தம் 127 புள்ளி. ஆப் 126 என்று காட்டினால் எங்கோ ஒரு லூப் ஒரு முறை குறைவாகச் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அனுபவசாலிகளே அடிக்கடி செய்யும் பிழை இது.

இரண்டாம் வாரம்: கம்பிக்குக் கதவு

கம்பியை எப்படி வளைப்பது? சிக்குக் கோலத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கதவு திறந்திருந்தால் இரண்டு கம்பிகள் அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கடக்கும். மூடியிருந்தால் கம்பிகள் கடக்காமல் அவரவர் புள்ளிப் பக்கமே திரும்பிவிடும். நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு இவ்வளவுதான் சூத்திரம். திறந்த கதவுக்கு 1, மூடிய கதவுக்கு 0.

ஒரு புள்ளிக்கு நான்கு பக்கமும் கதவு. எது திறந்தது, எது மூடியது என்று பார்த்தால் 16 விதம் வரும். திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஆறே வடிவம். நான்கு கதவும் மூடியிருந்தால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஒன்று மட்டும் திறந்திருந்தால் நீர்த்துளி போல. இப்படி ஆறு வடிவங்களை வரையக் கற்றுக்கொடுத்துவிட்டால், மீதியைக் கம்ப்யூட்டர் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

7-க்கு 7 கோலத்தில் மொத்தம் 84 கதவுகள். ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்றால், சாத்தியமான கோலங்களின் எண்ணிக்கை 2-ஐ 84 முறை பெருக்கி வரும் எண். எழுதிப் பார்த்தால் 26 இலக்கம்! தினம் ஒன்றாக ஆயுசு முழுக்கப் போட்டாலும் தீராது.

'கம்பி இங்க அந்து நிக்குது!'

இனி ஆச்சியைக் கூப்பிடும் நேரம். முதல் முறை காட்டும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். "ஏ தாயி, கம்பி இங்க அந்து நிக்குது பாரு" என்று விரல் வைப்பார். காரணம் கோட்டில் இருக்கும். முதல் புள்ளியின் வலது கதவு 'திறந்தது' என்றும், அடுத்த புள்ளியின் இடது கதவு 'மூடியது' என்றும் எழுதியிருப்பார் பேத்தி. இரண்டும் ஒரே கதவு! ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் ஒருநாள் இரண்டும் முரண்படும். புள்ளிக்குப் புள்ளி குறிக்காமல், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு முறை மட்டும் குறித்தால் பிரச்னை தீர்ந்தது. பெரிய கம்பெனி சாஃப்ட்வேர்களிலும் தலைவலி தரும் பிழை இது. அதை ஆச்சி ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிட்டார்.

அடுத்த புகார், "நாலு பக்கமும் ஒண்ணு போல இல்லையே." கதவுகளைக் குருட்டாம்போக்கில் திறந்து மூடினால் அப்படித்தான் வரும். கால்வாசியை மட்டும் தீர்மானித்து, அதையே மற்ற மூன்று பக்கத்துக்கும் காப்பி செய்ய வேண்டும். கோலம் போடுபவர்களும் ஒரு பக்கத்தை முடிவு செய்துவிட்டு, 'இதே மாதிரி அந்தப் பக்கம்' என்றுதானே போடுகிறார்கள்?

மூன்றாவது புகார்தான் கெட்டி. "இது ஒரே கம்பி இல்ல. ஏழு கம்பியால்ல இருக்கு!"

மீ.பொ.வ. எங்கே வந்தது?

ஆச்சி சொன்னது சரிதான். 7-க்கு 7 புள்ளி வைத்து எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் சரியாக ஏழு தனித்தனிக் கம்பிகள் வரும். அதுவே 7-க்கு 6 என்று வைத்தால் ஒரே கம்பி. 6-க்கு 4 என்றால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொது வகுத்தி, அதாவது மீ.பொ.வ., இங்கே வந்து நிற்கிறது. இரு பக்கப் புள்ளி எண்ணிக்கையின் மீ.பொ.வ. எதுவோ, அத்தனை கம்பிகள். பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் இருந்தால் இப்போதே 2-க்கு 3 போட்டுப் பார்க்கலாம். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடியும். 2-க்கு 2 போட்டால் முடியாது, இரண்டு கம்பி கேட்கும்.

கம்பிகளை ஆப் எப்படி எண்ணும்? ஓர் இடத்தில் தொடங்கி, போகும் வழியெல்லாம் அடையாளம் வைத்துக்கொண்டே போக வேண்டும். தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால் ஒரு கம்பி முடிந்தது. அடையாளம் விழாத இடம் பாக்கி இருந்தால் அங்கிருந்து அடுத்த கம்பி. இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஒரு கதவைத் தேடி மூடினால், அந்த இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ஏழு கம்பி ஒன்றாக வேண்டுமானால் இப்படி ஆறு முறை. ஆனால், அப்படி மூடிய பிறகு நான்கு பக்கமும் ஒன்று போல இருக்குமா? அது பேத்தியும் ஆச்சியும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டிய அடுத்த புதிர்.

தாம்பரத்துக்குப் போன கோலம்

வாசல் கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போட்டது இன்று நேற்று அல்ல. தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவருடைய மனைவியும் கணிதப் பேராசிரியருமான ராணி சிரோமணி, பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி-யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியரான கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கோலத்துக்கும் 'இலக்கணம்' எழுதலாம் என்பது அதன் சாரம். எழுத்து சேர்ந்து சொல்லாகவும், சொல் சேர்ந்து வாக்கியமாகவும் ஆவதற்கு விதி இருப்பதைப் போல, சின்னக் கோலம் பெரிய கோலமாக வளரவும் விதி உண்டு. அந்த விதியைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுத முடியும் என்று காட்டினார்கள். கோலத்தின் கணிதத்தைப் பற்றி அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-ல் 'அமெரிக்கன் சயின்டிஸ்ட்' இதழில் எழுதினார்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத எத்தனையோ பெண்கள் காலங்காலமாக விடியற்காலையில் குனிந்து போட்டு, சாயங்காலத்துக்குள் கால் பட்டு அழிந்துபோன ஒன்றைத்தான் பேராசிரியர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். 'நமக்குக் கணக்கு வராது, கம்ப்யூட்டரெல்லாம் நம்ம குடும்பத்துக்கு எட்டாது' என்று நினைக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. அதற்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே போன் இருக்கும் வீட்டில்

லேப்டாப் இல்லையே என்ற கவலை வேண்டாம். இந்த ஆப்புக்கு ஒரே ஒரு ஹெச்.டி.எம்.எல். ஃபைல் போதும். போனில் இலவசமாகக் கிடைக்கும் கோட் எடிட்டர் ஆப் ஒன்றில் எழுதி, பிரவுசரில் திறந்து பார்க்கலாம். ஃபைல் போனிலேயே இருப்பதால் அதை ஓட்ட நெட் தேவையில்லை.

வீட்டுக்கே ஒரு போன், அதுவும் அம்மா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும் என்ற நிலையிலும் வழி உண்டு. பகலில் கோல நோட்டில் புள்ளி வைத்து, எந்தக் கதவு திறப்பு, எந்தக் கதவு மூடல் என்று 1, 0 எழுதி, லூப்பையும் தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் கிடைக்கும் அரைமணி நேரத்தில் அதை கோட்டாக மாற்றலாம். பேப்பரில் யோசித்துவிட்டுத் திரைக்குப் போவது, போன் நாள் முழுக்கக் கையில் இருப்பவர்களுக்கும் நல்ல பழக்கம்தான்.

ஓரளவு ஓடத் தொடங்கியதும் 'கிட்ஹப் பேஜஸ்' போன்ற இலவச சேவையில் ஏற்றினால் ஒரு லிங்க் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம். அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும் என்பதால் போன் நம்பர், வீட்டு முகவரி, பிள்ளைகளின் போட்டோ எதையும் அதில் வைக்க வேண்டாம். இதை மட்டும் பெற்றோர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

'ஏஐ எழுதித் தந்துடுமே?'

தந்துவிடும். 'கோலம் வரையும் ஆப் வேண்டும்' என்று ஒரு வரி கேட்டால் ஒரு நிமிடத்தில் கோட் முழுக்க வந்துவிடும். ஆனால், ஆச்சி திரையில் விரல் வைத்து 'இங்க அந்து நிக்குது' என்று சொல்லும்போது அந்த இடம் கோட்டில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! தானே எழுதியவருக்குத் தெரியும். வாங்கி ஒட்டியவர் மறுபடி ஏஐ-யிடம் போய் நிற்க வேண்டும். புள்ளி வைக்கும் லூப்பையும் கதவுக் கணக்கையும் சொந்தமாக எழுதிவிட்டு, புரியாத இடத்தை மட்டும் ஏஐ-யிடம் கேட்பது படிக்கிற வழி. அச்சுக் கோலத்தை வாங்கி மாவைத் தட்டினாலும் வாசலில் கோலம் விழத்தான் செய்யும். அதனால் யாருக்கும் கோலம் போடத் தெரிந்துவிடாது.

அரையாண்டு விடுமுறை மார்கழியில்தான் வருகிறது. காலையில் வாசலில் ஒரு கோலம், மதியம் திரையில் அதே கோலம். ஆரம்பிக்க 3-க்கு 4 புள்ளி போதும், 3-க்கும் 4-க்கும் மீ.பொ.வ. 1 என்பதால் கம்பியும் ஒன்றுதான் வரும். வந்ததா இல்லையா என்று ஆச்சியிடம் கேட்டால் தெரிந்துவிடும்.